ஆறு பாய் வீடு

ஒசாக்காவிலிருந்து கணவன் அனுப்பிய ஃபாக்ஸ், தெருமுனையில் இருந்த தில்லையம்பலத்தின் கடைக்கு வந்து அங்கிருந்து தவநாயகியின் கைக்குச் சேர்ந்தபோது லண்டன் கிங்ஸ்பரியில் காலை பத்து மணி. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. கனகலிங்கத்தைக் கம்பனி இரண்டு வருட வேலைக்கு ஜப்பானுக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. வீடு கிடைத்ததும் அவளும் இரண்டு பிள்ளைகளும் போய்ச் சேருவதாகத்தான் பேச்சு. 'தளபாடத்தோடு சின்ன வீடு, ஆறு பாய். படத்தைப் பார்த்துவிட்டுப் போன் எடும்' என்று எழுதியிருந்தான். எழுதத் தெரிந்த மனுஷன் இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

கூட வந்த வீட்டு வரைபடத்தை அவள் நேராகப் பிடித்தாள், தலைகீழாகப் பிடித்தாள். படுக்கையறை எங்கே என்று விளங்கவில்லை. சமைக்கிற குசினி என்று நினைத்த மூலை செருப்புக் கழற்றும் இடம் போலவும் இருந்தது. தளபாடப் பட்டியலில் ஒரு குட்டை மேசை, ஒரு ஹீற்றர், சோறு காய்ச்சும் மின்சாரப் பானை. கட்டிலைக் காணோம். கட்டில் இல்லாத வீட்டை எந்த மடையன் தளபாடத்தோடு என்று வாடகைக்கு விடுவான்?

பிறகுதான் பாய் ஞாபகம் வந்து அவள் முகம் தெளிந்தது. கட்டிலுக்குப் பதில் பாய் தருகிறார்கள். நல்ல சனங்கள். ஆளுக்கொரு பாய் என்றால் தங்களுக்கு நாலு போக இரண்டு மிச்சம். கலியாண வீட்டுக்குச் சனம் வந்தால் ஊரிலும் அப்படித்தானே கணக்குப் பார்ப்பார்கள், எத்தனை பாய் விரிக்கலாம் என்று. கனடாவிலிருந்து தம்பி வந்தாலும் படுக்க இடம் இருக்கும். கொண்டுபோக வேண்டிய பெற்சீற்றுகளைக்கூட எடுத்து மடித்து வைத்தாள்.

மத்தியானம் போன் எடுத்தாள்.

"ஓம், படம் பாத்தனான். ஆறு பாய் தாராளமாக் காணும். படுக்கிற அறைதான் எதெண்டு விளங்கேல்லை."

"தவம், அது விரிக்கிற பாயில்லை. இஞ்ச தரையே பாய்தான். அறையைப் பாயாலதான் அளக்கிறது. அந்த அறை முழுக்க ஆறு பாய் அளவு."

"அப்ப மற்ற அறையள்?"

"மற்ற அறை இல்லை. அந்த ஒண்டுதான் வீடு."

"அப்ப நாங்கள் நாலு பேரும் எப்பிடி?"



"குடும்பம் வாறதெண்டால் கம்பனி பெரிய வீடு குடுக்கும்," என்றான் கனகலிங்கம் மெதுவாக. "நான் ஒரு ஆள் எண்டு எழுதிக் குடுத்திட்டன். பிள்ளையளின்ர படிப்பைக் குழப்ப வேண்டாமெண்டு யோசிச்சன். எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. படத்தைப் பாத்தால் உமக்கே விளங்கும் எண்டு நினைச்சன்."

கோபமா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. லண்டனுக்கு முதலில் வந்தவன் அவளைக் கூப்பிட ஐந்து வருடம் எடுத்தான். அப்போதும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு நல்ல காரணம் இருந்தது.

"இஞ்சேருங்கோ, வீட்டுக்குக் கையெழுத்து வைச்சிட்டீங்களோ?"

"இல்லை. நாளைக்குத்தான்."

"அப்ப வைக்காதேங்கோ. நாலு பேர் எண்டு மாத்தி எழுதிக் குடுங்கோ. பெரிய வீடு தராட்டி இதுக்கையே ஒருக்களிச்சுப் படுப்பம்."

"தவம், பிள்ளையளின்ர படிப்பு..."

"மூத்தவளுக்கு உங்களை ஹீத்ரோ எயர்போட்டில வைச்சுத்தான், இவர்தான் அப்பா எண்டு காட்டினனான். இன்னொருக்கா அப்பிடிக் காட்ட என்னால ஏலாது."