எழுபத்தொன்பதாம் நாள்

நேற்று எழுபத்தெட்டு என்று இருந்த பலகையில் இன்று நூறு என்று எழுதியிருந்தது. ஆய்வக டாக்டர் வெர்னா அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

அந்த மினசோட்டா ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் ஒவ்வொரு நோயாளியின் கதவிலும் ஒரு பலகை தொங்கும். எலும்பு மஜ்ஜை ஏற்றிய நாள் பூஜ்யம். அதற்குப் பிறகு தினமும் காலையில் நர்ஸ் ஒன்று கூட்டி எழுதுவாள். இந்த அறையில் இருப்பவர் வெண்டல் குபிசெக், பள்ளிப் பேருந்து ஓட்டுநர். தம்பியின் சிறுநீரகத்தை வைத்து, மூன்று வாரம் கழித்து அதே தம்பியின் மஜ்ஜையையும் ஏற்றியிருந்தார்கள். மஜ்ஜை ஊறிப் பிடித்துவிட்டால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை விரட்டாது. விரட்டலைத் தடுக்கிற மாத்திரையை ஆயுளுக்கும் விழுங்க வேண்டாம். நூறாம் நாள் நிறுத்திவிடலாம். பதினோரு வருஷம் ஆய்வகத்து நாய்க்கொட்டடியில் கிடந்து, நாய்களுக்குச் செய்து பார்த்து வெர்னா கண்டுபிடித்த விஷயம் இது.

அவள் நேரே தலைமை டாக்டர் ஆதர்டனின் அறைக்குப் போனாள். அவர் சிறுநீரக சர்ஜன். சர்ஜன்களுக்குத் தாங்கள் கத்தி வைத்த நாளில்தான் உலகமே தொடங்கும்.

"டாக்டர், நூறுன்னு மாத்தி எழுதச் சொன்னது நீங்களா? மஜ்ஜை ஏத்தின நாள்லேர்ந்து எண்ணணும். இன்னிக்கு எழுபத்தொம்பதுதான்."

"ஆபரேஷன் பண்ணினது நான். என் கணக்குல நூறு."

"எண்பதுல மாத்திரையை நிறுத்தின அஞ்சு நாய்க்கும் சிறுநீரகம் அழுகிப்போச்சு. அறுத்துப் பார்த்தவ நான்."

"நாயை நீ பாத்துக்கோ வெர்னா, மனுஷனை நான் பாத்துக்கறேன். வெள்ளிக்கிழமை சிகாகோ மாநாட்டுல மாத்திரையை நிறுத்தியாச்சுன்னு நான் சொல்லியாகணும். இருபத்தோரு நாள்ல என்ன குடி முழுகிடப்போகுது?"

முழுகத்தான் போகிறது, ஆனால் இவர் குடி இல்லையே! மேடையில் ஒரு கைதட்டலுக்காக ஒரு மனிதனின் சிறுநீரகத்தைப் பணயம் வைக்கிற இந்த ஆளுக்குப் பெயர் டாக்டராம்.  

வெர்னா மாடிக்குத் திரும்பி, பலகையைப் புறங்கையால் துடைத்து, 79 என்று பெரிதாக எழுதினாள்.

நர்ஸ் லொரைன் ஓடி வந்தாள். "ஐயோ, யாரு ஆர்டர் இது?"

"செத்துப்போன அஞ்சு நாயோட ஆர்டர்."

உள்ளே போய் வெண்டலிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"டாக்டரம்மா, பனியில பஸ்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக்கை ரெண்டு தடவை மிதிச்சுப் பாக்கறவன் நான். இருபத்தோரு நாள் காத்திருக்க மாட்டேனா? குடுங்க மாத்திரையை."

ஆதர்டன் வந்து கத்தினார். வெண்டல் அவர் கண்ணெதிரிலேயே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். நோயாளி முழுங்குகிறதை எந்த சர்ஜனால் தடுக்க முடியும்? சிகாகோவில் அவர் வேறு எதையோ பேசிச் சமாளித்தார்.

உண்மையான நூறாம் நாளில் மாத்திரையை நிறுத்தினார்கள். சிறுநீரகம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது.

அடுத்த வருஷம் ஆதர்டனின் கட்டுரை வந்தது. மஜ்ஜை ஏற்றிய நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று, தானே கண்டுபிடித்ததுபோல எழுதியிருந்தார். வெர்னாவின் பெயர் கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்தது: 'நாய்களைப் பராமரித்து உதவிய மிஸ் டோலஃப்சனுக்கு நன்றி.' டாக்டர் பட்டத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, பாவி.

மஜ்ஜை ஏற்றிய நாளை இங்கே எல்லாருமே மறுபிறந்தநாளாகக் கொண்டாடுவார்கள். அந்த நாளில் வெண்டல் கேக்கோடு வெர்னாவின் ஆய்வகத்துக்கு வந்தார். மேஜையில் கிடந்த கட்டுரையின் கடைசி வரியை விரல் வைத்துப் படித்தார். அவர் முகம் சிவந்தது.

"நாயைப் பாத்துக்கிட்டதுக்குத்தான் நன்றியா? அப்போ உயிரோட இருக்கற ஆறாவது நாய் நான்தான். அந்தாளு ரூம் எங்க இருக்கு, சொல்லுங்க டாக்டரம்மா. போய்க் குரைச்சிட்டு வரேன்."

வெர்னா கேக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்க, நானே காட்டறேன்."