இடது காலின் மடிப்பு

பேன்ட் தைக்கும் அந்தத் தையல்காரருக்குக் கடைத்தெருவில் 'அரை இன்ச் மாஸ்டர்' என்றுதான் பெயர். ஆள் நடந்து வரும்போதே எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, எந்தக் கால் கட்டை என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பேர்ப்பட்டவர் தன் மகளுக்கு நாலாவது மாதத்தில் ஒரு குட்டி பேன்ட் தைத்தார். மாட்டிப் பார்த்தால் இடது பக்கம் மட்டும் அரை இன்ச் தொங்கியது. மாஸ்டர் வெட்டியதிலா பிசகு? வெளியே தெரிந்தால் மானம் போகும். மனைவி வருவதற்குள் இடது ஓரத்தை இன்னொரு மடிப்பு உள்ளே தள்ளித் தைத்துவிட்டார். அடுத்த பேன்ட்டை மூன்று முறை அளந்து வெட்டினார். அதுவும் தொங்கியது. பிசகு துணியில் இல்லை என்பது அன்றைக்கே அவருக்குத் தெரியும். இருந்தும் மடித்தார். வளர்ந்தால் சரியாகிவிடுமாம்! மனுஷன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானத்துக்குப் பஞ்சமா என்ன?

இப்போது பதினாலு மாதம். நடக்கத் தொடங்கிய குழந்தை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தது. மனைவிதான் பதறியடித்துக்கொண்டு எலும்பு டாக்டரிடம் கூட்டி வந்தாள்.

டாக்டர் குழந்தையைப் படுக்கவைத்துத் தொடைகளை விரித்துப் பார்த்தார். வலது விரிந்த அளவுக்கு இடது விரியவில்லை.

"இதுக்கு முன்னாடி ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதாம்மா? ஒரு கால் குட்டையா இருக்கிற மாதிரி?"

"இல்லையே டாக்டர். டிரெஸ்ஸெல்லாம் இவர்தான் தைக்கிறார். ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் நிக்கும்."

டாக்டர் அவரைப் பார்த்தார். மாஸ்டர் இல்லையென்று தலையாட்டினார்.

மனைவி குழந்தையோடு எக்ஸ்ரே அறைக்குள் போனாள். கழற்றிய பேன்ட் அவர் கையில் இருந்தது. டாக்டர் இதை வாங்கிப் பார்த்துவிட்டால்? வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, நகத்தால் அந்த மடிப்புத் தையலைப் பிரித்துப் போட்டார். பிரித்தால் தொங்கும் என்று மாஸ்டருக்குத் தெரியாதா? பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை. பெற்ற மகளின் கால் ஒரு பக்கம் கிடக்க, அவருக்குத் தன் மானம்தான் பெரிதாக இருந்தது.

இருவரையும் உள்ளே உட்காரவைத்து, டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "தொடை எலும்பு இடுப்புக் குழியில சரியா உட்காரவே இல்ல. ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா கால்ல வார்ப்பட்டை மாட்டியே அனேகமா சரி பண்ணியிருக்கலாம். இப்ப மயக்கம் குடுத்து மூட்டைச் சேர்த்து, இடுப்புலேருந்து மாவுக்கட்டு போடணும். மாசக்கணக்கா இருக்கும்."

"தினமும் குளிப்பாட்டினேனே டாக்டர்! பெத்தவ, என் கண்ணு எங்க போச்சு?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நடையில் சாய்வைக் கண்டதிலிருந்து ஒரு வாரமாக வீட்டிலும் இதே புலம்பல்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பேன்ட்டை வாங்கிக் குழந்தைக்கு மாட்டினாள். வலது பக்கம் கணுக்காலில் நின்றது. இடது பக்கம் தொங்கியது. மேலே இழுத்துவிட்டாள். மறுபடியும் தொங்கியது. ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள். நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் நக இடுக்கில் நூல் ஒட்டியிருந்தது.

"என்னங்க இது?"

 "நாலாவது மாசத்துலேருந்து மடிச்சுத்தான் தைக்கிறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு வாரமா நான் என்னையே திட்டிக்கிட்டு அழுதேனே," என்றாள் மனைவி, குரல் உயராமல். "பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

 அந்த நாற்காலியில் உட்காரக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று மாஸ்டர் எழுந்து நின்றார். தொங்கிய துணி காலில் பட்டுக் குழந்தை சிணுங்கியது. உடுப்பு தொல்லை கொடுத்தால் சரிசெய்கிறவர் அப்பாதான் என்று அதற்குத் தெரியும். அவரைப் பார்த்து இடது காலை நீட்டியது.