மேட்டில் இடம் இருந்தது

அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு நேசமலர் கடைசிப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, குழி வெட்டப் போன பரமேஸ்வரன் திரும்பி வந்து முற்றத்தில் நின்றார். அவருடைய மண்வெட்டியில் மண் ஒட்டியிருக்கவில்லை.

"டீச்சர், ஒரு முடிவாச் சொல்லுங்கோ. மேட்டில வெட்டுறதோ, பள்ளத்தில வெட்டுறதோ? அண்ணர் ஒண்டு சொல்லுறார், நீங்கள் ஒண்டு சொல்லுறியள். மூப்பர் இருக்கேக்கையும் எங்களை வெயிலில நிக்க வைச்சுத்தான் பதில் சொல்லுவார். இப்பவும் அப்பிடித்தான் நிக்கிறம்."

பந்தலுக்குக் கீழே இருந்த இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். நேசமலர் அப்பாவின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள்.

அண்ணன் ஜெயசீலன் குசினி வாசலில் நின்றான். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பாதை திறக்கும்வரை வரிசையில் நின்று, சற்று முன்னர்தான் உருத்திரபுரத்துக்கு வந்து சேர்ந்திருந்தான். சப்பாத்தைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"மேட்டில வெட்டுங்கோ பரமேஸ்வரன் அண்ணை. அம்மாவுக்குப் பக்கத்தில. அதில என்ன கதை இருக்கு?"

"அண்ணா, அப்பா சொன்னது வேற."

"அப்பா காய்ச்சலில சொன்னது."

"காய்ச்சல் இல்லை. நல்ல தெளிவாத்தான் கதைச்சவர்."

முதல்நாள் காலை, வாய்க்கு ஈரம் காட்டியபோது அப்பா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்படிக் கை பிடிக்கிற மனிதர் அல்ல. செல்லத்துரை மூப்பர் என்றால் சபையில் பிள்ளைகள் கதிரையில் நேராக இருப்பார்கள். "என்னை மேட்டில வைக்க வேண்டாம் பிள்ளை. பள்ளத்தில வையுங்கோ. மாணிக்கத்தின்ர பெட்டைக்குப் பக்கத்தில" என்றார். பிறகு நெடுநேரம் கழித்து, "எழுதின சட்டம் ஒண்டும் இருக்கேல்லை. நான் சொன்னதுதான் சட்டமா நிண்டது" என்றார். கண்ணின் ஓரத்தால் வழிந்த நீரை அவரால் துடைக்க முடியவில்லை. அவள்தான் துடைத்துவிட்டாள். மத்தியானத்துக்கு முன் போய்விட்டார்.

சபையின் சவக்காலை குளத்து வாய்க்காலை ஒட்டி இருந்தது. மேட்டுப் பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு. பள்ளப் பக்கம், எழுபத்தேழுக் கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து சபையில் சேர்ந்தவர்களுக்கு. நடுவே ஒரு கிளுவை வேலி. ஒரே செபவீடு, ஒரே பாட்டு, ஒரே அப்பம். ஆனால் மண்ணுக்குள் போகும்போது மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மலையகத்தாரை வீடுகளுக்குள் 'தோட்டக்காட்டார்' என்று சொன்னவர்கள், செபவீட்டில் 'சகோதரர்' என்று சொன்னார்கள். சண்டைக்குப் பயந்து எல்லோரும் இடம்பெயர்ந்து ஓடி, வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது வேலி உக்கிப்போயிருந்தது. யாரும் திரும்ப அடைக்கவில்லை. அந்தக் கதை அத்தோடு முடிந்தது என்று சபை நினைத்துக்கொண்டது.

"அது அந்தக் காலத்து வழமை, மலர்" என்றான் ஜெயசீலன் தணிந்த குரலில். "அப்பா தனிய என்ன செய்யிறது? இப்ப பள்ளத்தில கொண்டுபோய் வைச்சா சனம் என்ன கேக்கும்? என்னெண்டு சொல்லுவாய்?"

"நான் பாக்கியமக்காவை ஒருக்காக் கேட்டிட்டு வாறன்."

"செத்தவீட்டை விட்டிட்டுப் போறியோ?"

அவள் ஏற்கெனவே சைக்கிளை எடுத்துவிட்டாள்.

மாணிக்கத்தின் மனைவி பாக்கியத்தின் வீடு வாய்க்கால் தெருவின் கடைசியில் இருந்தது. தறப்பாளில் வெயிலுக்குப் பரப்பிய கச்சான் கடலையை அவள் கையால் கிளறிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நேசமலரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

"கேள்விப்பட்டேன் டீச்சர். மூணு மணிக்குத்தானே? வரணும்னுதான் இருந்தேன். நீங்க எதுக்கு இந்நேரம் வெளிய வந்தீங்க?"

நேசமலர் தறப்பாளின் ஓரத்தில் குந்தினாள். அப்பா சொன்னதைச் சொன்னாள். வழியில் யோசித்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் எங்கோ போய்விட்டிருந்தன. சொல்லி முடித்தபோது பாக்கியம் ஒரு கச்சானை உடைத்து, உள்ளே பருப்பு இல்லாததைப் பார்த்து, அப்பால் எறிந்தாள்.

"லில்லிக்குப் பக்கத்துலயா?"

"ஓம் அக்கா."

"லில்லி எங்க இருக்கா?"

நேசமலருக்கு விளங்கவில்லை. "பள்ளத்தில... வாய்க்கால் கரையில."

"வாய்க்கால் கரை நீளத்துக்கும் கிடக்குது. அதுல எந்த இடம்?"

நேசமலர் வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியாது டீச்சர்" என்றாள் பாக்கியம். "ஒவ்வொரு மாரிக்கும் அங்க தண்ணி ஏறும். அதுக்கப்புறம் மாடு எறங்கும். அவ அப்பா மரத்துல சிலுவை வெச்சாரு, அடுத்த மழைக்குப் போயிருச்சு. கல்லு வெச்சாரு. ஓடிப் போயிட்டுத் திரும்பி வந்தப்போ கல்லும் இல்ல, அவரும் இல்ல. நத்தார் பண்டிகைக்குப் போனா நான் பொதுவா நின்னு கும்பிட்டுட்டு வர்றேன். இப்ப நீங்க அங்க எந்த எடத்துல வெட்டினாலும், எனக்கு அது எம்புள்ள மேல வெட்டின மாதிரித்தான்."

காற்றுக்குத் தறப்பாளின் ஓரம் எழும்பியது. நேசமலர் அதைக் கையால் அமத்திப் பிடித்தாள். இரவு முழுக்க அப்பாவின் ஆசையை நினைத்து நினைத்து அழுதவள். இப்படி ஒன்று இருக்கும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"அப்பா அழுதவர் அக்கா" என்றாள்.

"அழுதிருப்பாரு." பாக்கியம் இன்னொரு பிடி கச்சானைப் புரட்டிப் போட்டாள். "அங்க வந்து படுத்தா அவரு மனசு ஆறிடும். சரி. அந்தப் பள்ளத்துலயும் அவரு வந்து படுத்துக்கிட்டா நான் எங்க போயி நிக்கிறது, சொல்லுங்க."

"அப்ப நாங்கள் என்ன செய்ய வேணும்?"

"என்னா செய்யிறது இனி." குரலில் கோபம் இருக்கவில்லை. அதுதான் நேசமலருக்குத் தாங்கக் கடினமாக இருந்தது. "வேலி போச்சு, எல்லாரும் ஒண்ணாயிட்டோம்னு போதகர் தம்பி பிரசங்கத்துல சொல்றாரு. அது தானா உக்கிப் போச்சு. யாரும் புடுங்கல. அன்னிக்கு மேட்டுல எடம் இல்லன்னு சொன்னீங்க. எடம் இருந்திச்சு. சபைக்கு முன்னால யாராச்சும் அத ஒருவாட்டி சொல்லியிருந்தா எனக்குப் போதும். யாரும் சொல்லல."

"அப்பான்ர பிழையை நான் சொல்லுறன் அக்கா. இண்டைக்கே சொல்லுறன்."

பாக்கியம் அப்போதுதான் அவளுடைய முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வந்து சொன்னது உங்கப்பா இல்லியே, டீச்சர்."

அது நேசமலர் மறந்த விஷயம் அல்ல. வேறு ஏதோ ஒரு பெட்டை செய்ததைப் போல, தள்ளி வைத்திருந்த விஷயம். பதினாறு வயது. இரட்டைப் பின்னல். அப்பா அனுப்பினார், சைக்கிளில் வந்தாள். இதே வாசல் படலையடியில் இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு, "அப்பா சொல்லச் சொன்னவர், மேட்டில இடம் இல்லையாம்" என்றாள். வரும் வழியில் சவக்காலையைக் கடந்துதான் வந்திருந்தாள். நாவல் மரத்தடியில் மேடு வெறுமையாகக் கிடந்தது. பத்துப் பேரைப் புதைக்கலாம். உள்ளே பாயில் நெருப்புக் காய்ச்சலில் போன பிள்ளை கிடந்தது. மாணிக்கம் தலைத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தப் பதினாறு வயதுக்காரியிடம், "சரிங்கம்மா" என்றார். அவள் சைக்கிளைத் திருப்பினாள். மத்தியானம் வீட்டில் சோறும் சாப்பிட்டாள்.

"வெயில் ஏறுது. போங்க. அங்க தேடுவாங்க" என்றாள் பாக்கியம்.

முற்றத்தில் பரமேஸ்வரன் இன்னும் காத்திருந்தார். "அம்மாவுக்குப் பக்கத்தில வெட்டுங்கோ அண்ணை" என்றாள் நேசமலர். அவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். ஜெயசீலன் பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா. நீ கொஞ்சம் தேத்தண்ணி குடி. முகம் வெளிறிப் போய்க் கிடக்கு."

அந்தச் சபையில் ஒரு வழமை இருந்தது. பெட்டி மூடுவதற்கு முன், இறந்தவரைப் பற்றி வீட்டார் ஒருவர் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். திறந்த பெட்டிக்கு முன்னால் சொன்னதைப் பிறகு ஒருவரும் மறுத்துக் கதைப்பதில்லை. எப்போதும் மூத்த மகன்தான் சொல்வது. ஜெயசீலன் நன்றாகச் சொன்னான். காடு வெட்டிக் குடியேறிய காலம், ஓலைக் கொட்டிலில் தொடங்கிய செபவீடு, இடம்பெயர்ந்தபோது சபையின் வேதப் புத்தகத்தையும் அப்பத் தட்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு அப்பா நடந்தது. எல்லாம் உண்மை. கேட்டுக்கொண்டிருந்த தங்கம்மா மாமி மூக்கைச் சிந்தினாள். நேசமலருக்கும் அழுகை வந்தது.

போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். நேசமலர் எழுந்தாள்.

"நானும் ஒரு சாட்சி சொல்ல வேணும்."

போதகர் இளையவர். ஜெயசீலனைப் பார்த்தார். ஜெயசீலன் தங்கையைப் பார்த்துச் சிறிதாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாணிக்கம் அண்ணைக்கும் பாக்கியமக்காவுக்கும் லில்லி எண்டு ஒரு பிள்ளை இருந்தது. எங்கட சபைப் பிள்ளை. ஓய்வுநாள் பள்ளியில எனக்கு முன்வாங்கில இருந்து பாட்டுப் பாடினது. அது செத்த நேரம் மேட்டில இடம் இல்லையெண்டு சொல்லித்தான் பள்ளத்தில வைச்சது. மேட்டில இடம் இருந்தது."

அந்தக் காலம் அப்படி என்று ஒரு வசனத்தை வழியெல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அது வாய்வரை வந்தது. விழுங்கினாள்.

"அப்பாவுக்குத் தெரியும். சட்டம் எண்டு ஒண்டும் இருக்கேல்லை, தான் சொன்னதுதான் எண்டு நேற்று எனக்குச் சொன்னவர். போய்ச் சொன்னது நான். நாவலடியில வெறும் நிலம் கிடந்ததைக் கண்ணால பாத்திட்டுத்தான் போனனான். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான். அவ்வளவுதான்."

யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. தங்கம்மா மாமி சேலைத் தலைப்பை முகத்திலிருந்து எடுத்து, மடியில் வைத்து, நீவிக்கொண்டே இருந்தாள். பின்னால் நின்ற மலையகத்துக் குடும்பங்களில் ஒரு கிழவர் தலைகுனிந்தபடி தன் கைகளைப் பார்த்தார். வாசலில், கழற்றி வைத்த செருப்புகளுக்குப் பக்கத்தில் பாக்கியம் நின்றாள். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

"அப்பாவைப் பெட்டியில வைச்சுக்கொண்டு என்ன வேலை பாத்தனி" என்றான் ஜெயசீலன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. அவள் அவனுடைய கையைத் தொட்டாள். அவன் இழுத்துக்கொண்டான். போதகர் பாட்டைத் தொடங்கினார். முதல் அடியில் அவரும் இன்னும் இரண்டு பேருமே பாடினார்கள்.

சவக்காலையில் எல்லாம் முறைப்படி நடந்தது. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். முடிந்ததும் சபையார் வரிசையாக வந்து ஜெயசீலனுக்குக் கை கொடுத்தார்கள். அவனுக்கு அடுத்ததாக நேசமலர் நின்றாள். அவளிடம் வந்ததும் ஒருவருக்குக் குடை விரிக்க வேண்டியிருந்தது. ஒருவருக்குப் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருந்தது. தங்கம்மா மாமி மட்டும் நின்று, "நீ படிச்சனி. எதை எங்க கதைக்கிறதெண்டு உனக்குத் தெரியும்தானே" என்று சொல்லிவிட்டுப் போனாள். பரமேஸ்வரன் மண்வெட்டியின் பின்புறத்தால் மண்ணைத் தட்டிக் குழிமேட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வா, போவம்" என்றான் ஜெயசீலன், அவளைப் பார்க்காமல்.

"நீங்கள் போங்கோ அண்ணா. வாறன்."

பாக்கியம் பள்ளப் பக்கத்தில் இருந்தாள். முழங்காலுக்கு மேல் கோரையும் அறுகும் வளர்ந்திருந்த இடத்தில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நேசமலர் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். மண் ஈரமாகத் தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றினாள். ஒரு காலைத் தூக்கினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பப் பின்னால் வைத்தாள்.

"அங்கயே நில்லுங்க" என்றாள் பாக்கியம், திரும்பாமல்.

நேசமலர் நின்றாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தெருவில் ஜெயசீலனின் குரல் யாருக்கோ விடை சொல்லிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் இல்லை. பாக்கியம் ஒரு கை நிறையப் புல்லை வேரோடு பிடுங்கி, உதறி, போட இடம் தேடுவதுபோலச் சுற்றிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் போடவில்லை. எழுந்து வந்து நீட்டினாள்.

நேசமலர் வாங்கிக்கொண்டாள். பாக்கியம் திரும்பிப் போய்க் குந்தினாள். அடுத்த பிடியையும் கொண்டுவந்து தந்தாள். பிறகு அடுத்ததை. செத்தவீட்டுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையில் வேர்மண் ஒழுகிக் கீழே இறங்கியது. நேசமலர் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திக்கொண்டு, அடுத்ததற்காக நின்றாள்.