முன்பலகை

பேச்சிப்பாறை அணையில் துரைமார் மீன் பிடிக்கப் போகிற வள்ளத்துக்கு மூன்று பலகைகள் உண்டு. நடுப்பலகையில் துரை இருப்பார். பின்பலகையில் துடுப்புப் போடுகிறவன் இருப்பான். முன்பலகையில் இருக்கிறவன் உடம்பு வளைந்து ஒரு வேலையும் செய்ய மாட்டான். கையை மட்டும் நீட்டுவான். அவன் நீட்டுகிற பக்கம் வள்ளம் போகும். அந்தப் பலகை பத்து வருஷமாகத் தங்கையனுடையது.

ரப்பர் எஸ்டேட்டின் பெரிய துரை மெல்டிரம் என்றால் கங்காணிகளுக்கே கால் நடுங்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் வள்ளத்தில் ஏறியதும் வாயைத் திறக்காமல் தங்கையனின் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஒரு காட்சிக்காகத்தான் தங்கையன் உயிரோடு இருந்தான் என்று சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் கோயில் வாசலில் நிற்கும்போது, துரை கொடுத்த பழைய தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரும் கேட்காமலே சொல்வான்.

"நான் இல்லாட்டா தொரைக்கு ஒரு பொடிமீனு கூடக் கிட்டாது, கேட்டியளா?"

பெருமை பீற்றல்தான். ஆனால் பொய் இல்லை. துரை வருகிற நாள் தெரிந்ததுமே, பத்து நாளைக்கு முன்னால் அவன் வேலை தொடங்கிவிடும். மனைவி பூங்கனி ஒரு பானை மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொடுப்பாள். அந்தியில் தனியாக வள்ளத்தில் போவான். அணை கட்டியபோது முங்கிப்போன காட்டு மரங்களின் மொட்டைக் கொம்புகள் ஒரு மூலையில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே வள்ளத்தை நிறுத்தி, துடுப்பின் காம்பால் விளிம்பில் மூன்று தட்டுத் தட்டி, பிறகு மரச்சீனியை அள்ளி வீசுவான். நாலைந்து நாளில் பெருங்கெண்டைகள் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடும். தட்டினால் வரும். கடைசி இரண்டு நாள் ஒன்றும் போடமாட்டான். மூன்றாம் நாள் துரையோடு போய், கொம்புகளுக்குச் சற்றுத் தள்ளியே வள்ளத்தை நிறுத்தி மூன்று தட்டுத் தட்டினால், பட்டினி கிடந்த மீன் பாய்ந்து வந்து, துரை வீசுகிற பளபளத்த தகரத் தூண்டிலை மரச்சீனி என்று நம்பிக் கவ்வும். ஒன்று மாட்டித் துள்ளியதும் மற்றவை சிதறி ஓடிவிடும்.

ஆகவே கீழே ஒரு கூட்டம் காத்திருந்த சங்கதி துரைக்குத் தெரியாது. அந்த மூன்று தட்டை அவர் ஏதோ ஜெபம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். தங்கையனும் கண்ணை மூடிக்கொண்டுதான் தட்டுவான். பிடித்த மீனைப் பலகையில் கிடத்தி, சுற்றிலும் கோடு இழுத்து, அதே அளவில் வெட்டி, சாயம் பூசி, தேதி எழுதித் துரை தன் பங்களாச் சுவரில் மாட்டுவார். அப்படிப் பதினேழு மீன் அந்தச் சுவரில் நீந்தின. பதினேழும் பூங்கனியின் மரச்சீனி தின்றவை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திநாலாம் வருஷம் தை மாதம் மூணாற்றிலிருந்து ஒரு தேயிலைத் துரை விருந்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. அவர் ஊர் மலையில் டிரவுட் என்று ஒரு மீனை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்க்கிறார்களாம். பனிபோலக் குளிர்ந்த தண்ணீரில்தான் அது பிழைக்குமாம். அதைப் பிடித்தவன்தான் மீன்பிடிகாரன், மற்றவனெல்லாம் தவளை பிடிக்கிறவன் என்று அந்த மனிதர் கடிதத்துக்குக் கடிதம் எழுதி, மெல்டிரம் துரையின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தார். எங்கள் அணையில் வந்து பார், உன் டிரவுட்டை ஒரே வாயில் விழுங்குகிற மீனைக் காட்டுகிறேன் என்று இவர் பதில் எழுதினார். பொறாமைக்கு வெள்ளைத் தோலும் கறுப்புத் தோலும் ஒன்றுதான்.

எட்டு நாள் தீனி போட்டாயிற்று. ஒன்பதாம் நாள் தங்கையனை எஸ்டேட் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துரை சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னவன் குமாரதாஸ். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து ஒரு வருஷத்துக்கு முன்பு கிளார்க்காகச் சேர்ந்தவன், இருபத்தெட்டு வயது, கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவன். விருந்தாளித் துரைக்கு ஏரியைப் பற்றி இங்கிலீஷில் விளக்க ஆள் வேண்டுமாம். ஆகவே இந்தத் தடவை முன்பலகையில் குமாரதாஸ். தங்கையன் துடுப்புப் போட்டால் போதும்.

தங்கையன் "யெஸ் சார்" என்றான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். வெளியே வந்தபோது உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. குமாரதாஸ் ஓடிவந்து, மிகவும் பணிவாக, அண்ணன் தப்பாக நினைக்கக் கூடாது, இது துரையின் ஏற்பாடு, மீன் எங்கே கிடைக்கும் என்று அண்ணன்தான் சொல்லித் தரவேண்டும் என்று கேட்டான். அந்தப் பணிவுதான் தங்கையனுக்குப் பொறுக்கவில்லை. திமிராகக் கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். மொட்டைக் கொம்பு மூலையைச் சொன்னான். தட்டுவதைப் பற்றிச் சொல்லவில்லை. குமாரதாஸ் அதைக் கேள்விப்பட்டிருந்தான். படித்தவனானதால் மூடப்பழக்கம் என்று விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு நாளும் தங்கையனுக்கு வேறு நினைப்பே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் குமாரதாஸின் கை தெரிந்தது. மோதிரம் போட்ட வெள்ளைச் சட்டைக் கை, திசை காட்டி நீண்டுகொண்டே இருந்தது. தான் பழக்கிய மீன், அந்தக் கை காட்டியதும் போய் மாட்டும். பதினெட்டாம் பலகையில் குமாரதாஸின் மீன் தொங்கும். அடுத்த வருஷம் அந்தத் தொப்பி?

புறப்பாட்டு நாள் விடியுமுன்பே பூங்கனியை எழுப்பி, மூன்று பானை மரச்சீனி அவிக்கச் சொன்னான். பூங்கனி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கா? தொரமாரு வாற அன்னைக்குத் தீனி போடப்படாதுன்னு நீருதானே சொல்லுவீரு?"

"சொன்னதச் செய்யிட்டி."

"வள்ளத்துல முன்ன இருந்தா என்ன, பின்ன இருந்தா என்ன? தண்ணி எல்லாருக்கும் ஒண்ணுதானே."

நியாயம் பேசுகிற பெண்டாட்டி மேலும் அன்றைக்குக் கோபம்தான் வந்தது. வெளுக்கிற நேரத்தில் மூலைக்குப் போய்த் தட்டினான். இரண்டு நாள் காய்ந்து கிடந்த மீன்கள் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வந்தன. மூன்று பானையையும் கவிழ்த்தான். தின்ன முடியாமல் சில துண்டுகள் மிதக்கும்வரை போட்டான். "தின்னுங்கலே, நல்லாத் தின்னுங்க" என்று அவற்றிடம் சொல்லவும் செய்தான். திரும்பி வரும்போது மனசு இரண்டு நாளில் முதல்முறையாக லேசாயிற்று.

எட்டு மணிக்கு வள்ளம் புறப்பட்டது. முன்பலகையில் குமாரதாஸ் கையை நீட்டிக்கொண்டு சளசளவென்று இங்கிலீஷில் பேசினான். எந்த வருஷம் அணை கட்டியது, எந்த மலையிலிருந்து ஆறு வருகிறது என்றெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். விருந்தாளி தலையை ஆட்டினார். மெல்டிரம் துரையின் முகத்தில் பெருமை தாண்டவமாடியது. தங்கையன் பின்னாலிருந்து குமாரதாஸின் முதுகைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டான். அந்த முதுகு அவ்வளவு நேராக இருந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

மூலைக்கு வந்து, இரண்டு துரைமாரும் மாறி மாறித் தூண்டில் வீசினார்கள். ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. ஒரு மீனும் மூக்கைக் காட்டவில்லை. குமாரதாஸ் அந்தப் பக்கம் காட்டினான், இந்தப் பக்கம் காட்டினான். கை தாழ்ந்துகொண்டே வந்தது. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. விருந்தாளித் துரை புகைக்குழாயைப் பற்றவைத்து ஏதோ சொல்ல, அதில் டிரவுட் என்ற வார்த்தை மட்டும் தங்கையனுக்கு விளங்கியது. மெல்டிரம் துரையின் காது சிவந்தது. தங்கையனுக்கோ வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பாவம் என்று ஒரு நொடி கூட நினைக்கவில்லை, அதை மறைப்பானேன்.

பதினொரு மணிக்கு மெல்டிரம் துரை பின்னால் திரும்பினார். குமாரதாஸை விலகச் சொல்லிவிட்டு, தங்கையனைப் பார்த்து முன்பலகையைக் காட்டினார்.

அந்தச் சந்தோஷத்தில் விடியற்காலம் செய்த காரியமே தங்கையனுக்கு மறந்துபோயிற்று. துடுப்போடு எழுந்தான். ஆடுகிற வள்ளத்தில் குமாரதாஸை இடித்துக்கொண்டு முன்னே போய், துரைமாருக்கு முதுகைக் காட்டாமல் திரும்பி உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்து, கண்ணை மூடி மூன்று தட்டுத் தட்டினான். துரை தூண்டிலை வீசினார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் மூன்று பானையும் ஞாபகம் வந்தது.

வியர்த்துவிட்டது. நேரம் ஆகிவிட்டதே, இவ்வளவு நேரத்தில் மீனுக்குச் செரித்திருக்காதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். மறுபடி தட்டினான். பத்து வருஷத்தில் மூன்று தட்டுக்கு மேல் தட்டியவன் இல்லை. இப்போது நிறுத்த முடியாமல் தட்டிக்கொண்டே இருந்தான். வள்ளமும் மெல்ல நகர்ந்து கொம்புகளுக்கு நடுவிலேயே வந்து நின்றிருந்தது.

மீன்கள் வந்தன.

முதலில் இரண்டு, பிறகு ஆறு, பிறகு எண்ண முடியவில்லை. ஆட்டுக்குட்டி பருமனுள்ள பெருங்கெண்டைகள் வள்ளத்தைச் சுற்றி மேலே வந்து, வட்டமான வாயைத் திறந்து மூடிக்கொண்டு தங்கையனையே பார்த்தன. வயிறு புடைத்துக் கிடந்தன. பசி இல்லை, பழக்கம். துரையின் தூண்டில் ஒன்றின் மூக்கின் மேலேயே விழுந்தது. அது தகரத்தை முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பித் தங்கையனிடம் வந்தது. கொம்பு இடுக்கிலிருந்து வெள்ளையாக ஒரு மரச்சீனித் துண்டு மிதந்து வந்து வள்ளத்தில் இடித்தது.

விருந்தாளித் துரை அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வள்ளம் ஆடச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்டிரம் துரையின் தோளில் தட்டி ஏதோ சொன்னார். மெல்டிரம் துரை சிரிக்கவில்லை. அவர் முகம் வெளிறிப்போனது; சுவரில் தொங்குகிற பதினேழு பலகையையும் ஒவ்வொன்றாக அவர் மனசுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது தங்கையனுக்குத் தெரிந்தது. மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். குமாரதாஸ் அதைத் தமிழாக்குகிற சாக்கில் பின்பலகையிலிருந்து முன்னால் குனிந்து, தணிந்த குரலில் பேசினான்.

"அண்ணே, மீனுவளுக்கு நீரு தீனி போட்டதுண்டான்னு கேக்கியாரு. மலையில இருக்கிய காணிக்காரங்க நேர்ச்சைக்குப் போடியது, ஒமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரட்டா? நம்புவாரு."

தப்பிக்க வழி இருந்தது. ஆமென்று தலையை ஆட்டினால் போதும். பலகையும் தொப்பியும் மிஞ்சும். ஆனால் அது குமாரதாஸ் போட்ட பிச்சையாக மிஞ்சும். ஒவ்வொரு ஞாயிறும் பாடகர் வரிசையில் அவன் நின்று பாடுவதைப் பார்க்கும்போதெல்லாம், இவன் கொடுத்த இடத்தில்தான் நான் இருக்கிறேன் என்று நினைக்க வேண்டும். அதைவிட இந்தத் தண்ணீரில் குதித்துவிடலாம் என்று தங்கையனுக்குத் தோன்றியது.

"ஒனக்க தயவு எனக்கு வேண்டாம்லே" என்றான். "உள்ளதச் சொல்லு. பத்து வருசமா நான் தீனி போட்டு வளத்த மீனுன்னு சொல்லு. எனக்க மீனு. நான் தட்டுனாத்தான் வரும், வேற ஒருத்தன் விரல நீட்டுனா வராதுன்னு அதையும் சேத்துச் சொல்லு."

குமாரதாஸ் துரையிடம் திரும்பிச் சொன்னான். முழுவதையும் சொன்னான் என்பது துரை தூண்டிலைச் சுருட்டிய விதத்திலேயே தெரிந்தது. திட்டவில்லை. கரைப் பக்கம் கையைக் காட்டினார், அவ்வளவுதான்.

தங்கையன் எழுந்து பின்னால் போகப் பார்த்தான். துரைமார் கால் மடக்கி வழி விடவில்லை. பின்பலகையில் குமாரதாஸ் இருந்தபடியே, துடுப்பைத் தரும்படி கையை நீட்டினான். ஆகவே தங்கையன் முன்பலகையிலேயே இருந்துகொண்டு கரைக்கு வந்தான். அவன் விரலை யாரும் பார்க்கவில்லை. கரையேறியதும் தொப்பியைத் திருப்பிக் கேட்பார்களோ, தானே கழற்றிக் கொடுத்துவிடலாமோ என்று யோசித்தான். பூங்கனியிடம் என்ன சொல்வது என்று யோசித்தான்.

குமாரதாஸுக்குத் துடுப்புப் போட்டுப் பழக்கமில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் துடுப்புக் காம்பு விளிம்பில் இடித்து, தட் தட்டென்று சத்தம் போட்டது. விருந்தாளித் துரை எதையோ பார்த்து மறுபடி சிரிக்கவே, தங்கையன் தலையை நிமிர்த்தினான்.

வள்ளத்துக்குப் பின்னால், தண்ணீரைக் கீறிக்கொண்டு, அவனுடைய மீன்கள் அத்தனையும் வாயைத் திறந்தபடி குமாரதாஸின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன.