ஞாயிற்றுக்கிழமைச் சவரம்

பீர்மேட்டு எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பு லயங்களில் மஞ்சள் காமாலைக் கிருமி எப்படிப் பரவுகிறது என்று டாக்டர் நிமி எழுதிய கட்டுரை, மூன்று வருட இழுபறிக்குப் பின் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்துவிட்டது. அச்சாகும்வரை யாரிடமும் மூச்சுவிடவில்லை. இன்றுதான் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்களிடம் காட்டலாமென்று ஜீப்பில் வந்திருந்தாள்.

ஞாயிறுதோறும் கோயில் பூசைக்கு முன் லயத்து ஆண்களுக்கெல்லாம் ஒரே பிளேடில் சவரம் செய்துவிடும் சூசையப்பன் தன் வீட்டு வாசலில் இருந்தார். சுவரில், மாலை போட்ட படத்தில் அவர் மகன் ஜோபி. போன மழையில் காமாலை கண்டு பத்தே நாளில் போய்விட்டானாம்.

அவள் கொடுத்த பத்திரிகையை சூசையப்பன் புரட்டிப் பார்த்தார். “இதுல என்ன எழுதிருக்கு டாக்டரம்மா?”

“பிளேடு வழியாத்தான் பரவுதுன்னு...”

“எப்பத் தெரிஞ்சுது?”

“மூணு வருசம் முன்னாடி.”

அவர் பத்திரிகையை அவளிடமே நீட்டினார்.

“அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருந்தா, பிளேட மாத்திருப்பேனேம்மா.”