வெறுங்கையோடு வந்த போதகர்

1

இது ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. சிறிய நாடுகள் பெரிய நாடுகளின் நெருக்கடியை எப்படித் தாங்குகின்றன என்று எழுதித் தரும்படி ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. உட்கார்ந்து எழுதினேன். 1976-இல் எங்கள் ஐஸ்லாந்துக் கடலில் பிரிட்டனின் போர்க்கப்பல்கள் நின்றதையும், மீன்பிடி எல்லைத் தகராறு தீராதவரை எங்கள் மீனுக்கு வரியைக் குறைக்க மாட்டோம் என்று ஐரோப்பியச் சந்தை சொன்னதையும், எங்கள் ஊர் உறைமீன் ஆலை வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்ததையும் எழுதினேன். எல்லாம் சரியான தகவல்கள். படித்துப் பார்த்தபோது நேற்று வேகவைத்த மீனைப் போல இருந்தது.

அன்று மாலை ஊர் நீச்சல்குளத்தின் வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருந்த சால்வோரிடம் கேட்டேன். அவருக்கு இப்போது வயதாகிவிட்டது. அந்தக் காலத்தில் அவர் கணவர் ஸ்டீனார் எங்கள் காவல் கப்பல் ஒன்றில் இயந்திர அறையில் வேலை பார்த்தார்.

"எப்படித் தாங்கினோமா? காபி குடிச்சோம். வேற என்ன பண்றது?" என்றார். பிறகு, "ஒரு நாள் மட்டும் தாங்க முடியல. அதுவும் போதகராலதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்னதுதான் இது. கட்டுரையைக் கைவிட்டுவிட்டேன். பத்திரிகை மன்னிக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: "அன்று கடல் காயம்பட்ட விலங்கைப் போல—"

இல்லை. கடல் அன்று கடலைப் போலத்தான் இருந்ததாம்.

இரண்டாவது: "இரண்டு லட்சத்துச் சொச்சம் மக்களைக் கொண்ட ஒரு நாடு, உலகின் மிகப் பெரிய கடற்படைகளில் ஒன்றை எதிர்த்து—" (இது கட்டுரை. போய்விடு.)

மூன்றாவது: சால்வோர் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

இது நிற்கும். இங்கிருந்து போவோம்.

சால்வோர் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வானொலி படகு அலைவரிசையில் இருந்தது.* முந்தைய நாள் இரவுச் செய்தியில், பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று எங்கள் காவல் கப்பல் ஒன்றின் மீது மோதிவிட்டது, பக்கவாட்டுத் தகடு கிழிந்துவிட்டது என்று சொன்னார்கள். எந்தக் கப்பல் என்று சொல்லவில்லை. காவல் கப்பல்கள் இருக்கும் இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்று கட்டளை. அதனால் இரவு முழுக்கச் சால்வோர் அந்தப் பெட்டியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையிலும் இரைச்சல்தான்.

(* எங்கள் ஊரில் எல்லாச் சமையலறைகளும் படகுகளின் பேச்சை ஒட்டுக்கேட்கும். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வலை கிழிந்தது நமக்கு முன்பே தெரிந்திருந்தாலும், அவர் மனைவி வந்து சொல்லும்போது "அப்படியா!" என்று வாயைப் பிளக்க வேண்டும். அது எங்கள் மரியாதை.)

உரித்த கிழங்குகள் ஒரு குடும்பத்துக்கு வேண்டியதைவிட அதிகமாகிவிட்டன. அவள் நிறுத்தவில்லை. நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தாள். மேட்டுப் பாதையில் போதகர் இங்வார் வந்துகொண்டிருந்தார். கறுப்பு அங்கி. வெறுங்கை.

3

ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடலில் இறந்தவரின் வீட்டுக்குச் சேதி கொண்டுபோவது எங்கள் ஊரில் போதகரின் வேலை. ஆகவே போதகர் ஒரு வீட்டை நோக்கி நடந்தால் ஊரின் திரைச்சீலைகள் எல்லாம் அசையும். பழைய போதகருக்கு இது நன்றாகத் தெரியும். சும்மா காபி குடிக்க வரும்போது கையில் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். காலி வாளிதான். வாளியைப் பார்த்ததும் பெண்கள் மூச்சு விட்டுக்கொண்டு அடுப்பில் கெண்டியை வைப்பார்கள். வாளி இல்லாமல் அவர் வந்த நாட்களை ஊர் மறக்கவில்லை.

இங்வார் போன இலையுதிர் காலத்தில்தான் தலைநகரிலிருந்து வந்தவர். வாளியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாரும் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிற ஊர் இது.

சால்வோர் கதவுக்குப் போய்ச் சாவியைத் திருப்பினாள். அந்தப் பூட்டை அந்த வீட்டில் யாரும் பயன்படுத்தியதே இல்லை. துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு கையாலும் திருப்பினாள்.

"சால்வோர்! உள்ளதான இருக்கீங்க? கதவத் திறங்க!"

"நான் வீட்ல இல்ல!"

போதகர் கதவில் காதை வைத்தார்.

"குரல் கேக்குதே."

"கேட்டாக் கேக்கட்டும். நாளைக்கு வாங்க!"

(இந்த "நாளைக்கு வாங்க" என்பதை நான் கற்பனை செய்யவில்லை. நாளைக்கு வந்தால் ஸ்டீனார் இன்னும் ஒரு நாள் உயிரோடு இருப்பாரே. இதைவிட நல்ல வாக்கியம் என்னால் எழுத முடியாது என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.)

அதற்குள் பக்கத்து வீட்டு ஹெர்டிஸ், சர்க்கரை தூவிச் சுருட்டிய அப்பங்களைத் தட்டு நிறைய அடுக்கித் துணியால் மூடி ஏந்திக்கொண்டு வந்துவிட்டாள். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். மூவருக்கும் கண் சிவந்திருந்தது. துக்க வீட்டுக்கு இங்கே அப்படித்தான் போவார்கள்.

"ஏன்டி சால்வோர், நாங்கல்லாம் இருக்கோம்டி!" என்று ஹெர்டிஸ் கதவைப் பார்த்து அழுதாள்.

போதகர் திகைத்துப்போனார். "எதுக்கு அழறீங்க?"

"நீங்க வந்திருக்கீங்களே!"

"நான் வந்தா அழணுமா?"

"வாளி எங்க?"

"என்ன வாளி?"

ஹெர்டிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "யாருமே இவருக்குச் சொல்லலையாடி?"

ஒரே மூச்சில் அவள் சொல்லி முடித்தபோது போதகரின் முகம் வெளுத்துவிட்டது. மண்டியிட்டுச் சாவித்துவாரத்தில் வாயை வைத்துக் கத்தினார்: "ஸ்டீனார் நல்லா இருக்கார்! ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல! கப்பல் பழுதுபார்க்கப் போயிருக்கு, இப்பதான் கரையோர ரேடியோ நிலையத்துலேர்ந்து டாக்டர்கிட்ட சொன்னாங்க! நான் வந்தது வேற விஷயம்! ஒரு இங்கிலீஷ்காரனுக்காக!"

சாவி திரும்ப வெகுநேரம் ஆயிற்று. துரு.

கதவு திறந்ததும் சால்வோர் கையிலிருந்த ஈரத்துணியைப் போதகரின் முகத்தில் எறிந்தாள். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. ஹெர்டிஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அப்பத்தை அவள் வாயில் திணித்தாள். துக்கத்துக்கு வந்த அப்பத்தை யாரும் திருப்பி எடுத்துப் போகவில்லை. போதகரும் இரண்டு தின்றார்.

(இந்த இடத்தில் "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று அவளைச் சொல்ல வைத்திருந்தேன். படித்துக் காட்டியபோது சால்வோர் மறுத்தார். "நான் அப்படிச் சொல்லல. 'பாவி மனுஷா'ன்னு சொன்னேன். அதுவும் ஜெபந்தான்னு வச்சுக்கோ." வைத்துக்கொண்டேன்.)

4

இங்கேதான் சால்வோர் என்ற கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

விஷயம் இதுதான். இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து வந்த மீன்பிடிக் கப்பல் ஒன்றில் வலை இழுக்கும் கம்பி அறுந்து ஒருவனின் காலை நசுக்கிவிட்டது. சண்டையானாலும் அடிபட்டவனைக் கரைக்குக் கொண்டுவரலாம். கொண்டுவந்து எங்கள் ஊர் மருத்துவமனையில் போட்டிருந்தார்கள். அவன் பேசுவது டாக்டருக்குப் புரியவில்லை. சால்வோர் சின்ன வயதில் ஹல் நகரத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்தவள். அந்த ஊர் ஆங்கிலம் அவளுக்குத்தான் தெரியும்.

முதல் வரைவில் அவள் எழுந்து நின்று, சின்ன நாடு என்றாலும் பெரிய மனது வேண்டும் என்று அழகாகப் பேசினாள். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். உண்மையில் அவள் சொன்னது:

"அவனுங்க கப்பல் என் புருஷன் கப்பல இடிக்கும், நான் போய் அவன் கையப் பிடிச்சுக்கணுமா?"

"போக வேணாம்னா போகாத," என்றாள் ஹெர்டிஸ். "ஆனா அந்தப் பையன் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான்."

சால்வோர் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தாள். மிச்சமிருந்த அப்பங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. சற்று முன்புதான் ஒரு உயிர் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. அப்படிக் கிடைத்தவர்களுக்குக் கை சும்மா இருக்காது போலிருக்கிறது.

5

அப்பம் வீணாயிற்று. மயக்க மருந்து கொடுக்க வேண்டும், ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டு, தானே ஒன்றை எடுத்துக் கடித்தார். "இவன் எதுக்கும் பதில் சொல்ல மாட்டேங்கறான், சால்வோர். ஒரே விஷயத்தையே திரும்பத் திரும்பச் சொல்றான். என்னன்னு கேளு."

சால்வோர் ஹல் ஊர் ஆங்கிலத்தில் பெயர் கேட்டாள்; லெஸ் என்றான். செம்பட்டை முடி, பெரிய உடம்பு. முகம் வியர்த்திருந்தது.

"அக்கா, நீங்க நம்ம பேச்சு பேசறீங்களா? என் கால எடுத்துட்டாக்கூடப் பரவால்ல. என் பொண்டாட்டி மோரீனுக்குச் சொல்லணும். அந்த மிஷன் ஆள் போறதுக்கு முன்னாடி சொல்லணும்."

"எந்த ஆள்?"

"மீனவங்களுக்குன்னு இருக்கற சர்ச் மிஷன் ஆளு. கடல்ல யாராவது போயிட்டாலும் அடிபட்டாலும் வீடு தேடி வந்து சொல்றவரு. கப்பல்லேர்ந்து ஆஃபீஸுக்குச் சேதி போயாச்சு. இப்பக் கிளம்பியிருப்பாரு. அவ அப்பா முழுகினப்ப வந்ததும் அவருதான். அவர வாசல்ல பாத்தா அவ வாயத் திறக்கறதுக்குள்ள விழுந்துடுவா, அக்கா. எட்டு மாசம். எழுந்திருக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

சால்வோர் அதை டாக்டருக்கு மொழிபெயர்க்கவில்லை. பின்னால் நின்றிருந்த போதகரை ஒரு பார்வை பார்த்தாள். போதகர் தரையைப் பார்த்தார்.

"வீட்ல போன் இருக்கா?"

"இல்ல. தெருமுனையில சிரில் மீன் வறுவல் கடை. அங்கதான் கூப்பிடுவேன்." எண்ணை மனப்பாடமாகச் சொன்னான்.

6

தொலைபேசி நிலையத்தில் இணைப்புப் போடுகிற ஓஸ்க் இருந்தாள்.

"இங்கிலாந்துக்கா? ஏன்டி, அந்த நாட்டோட உறவையே முறிச்சாச்சே. தூதரக்கூடத் திருப்பி அனுப்பியாச்சு!"

"அரசாங்கம் முறிச்சுது. கடலுக்கடியில போற கம்பிய யாராவது முறிச்சாங்களா?"

"அது இருக்கு."

"அப்பப் போடு."

ஓஸ்க் போட்டாள். போட்டுவிட்டு, வழக்கம்போல, தானும் கேட்டுக்கொண்டிருந்தாள். (இல்லாவிட்டால் இந்த உரையாடல் எனக்கு இவ்வளவு முழுசாகக் கிடைத்திருக்காது. அவளுக்கும் நன்றி.)

"சிரில் கடை. சீக்கிரம் சொல்லுங்க, கூட்டமா இருக்கு."

"ஐஸ்லாந்துலேர்ந்து பேசறேன்."

எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஐஸ்லாந்தா? ஏம்மா, மீனையெல்லாம் நீங்களே வச்சுக்கிட்டீங்க. இன்னும் என்ன வேணும், உருளைக்கிழங்கா?"

"சண்டைய அப்பறம் போட்டுக்கலாம். லெஸ் எங்க ஆஸ்பத்திரியில இருக்கான். உயிரோட இருக்கான். கால்ல அடி, அவ்வளவுதான்."

"எந்த லெஸ்? நம்ம மோரீன் வீட்டு லெஸ்ஸா?" குரல் மாறிவிட்டது. "ஐயையோ. மிஷன்காரர் கார் தெருவுக்கு அந்தாண்டைக் கோடியில நிக்குதே. உள்ளதான் உக்காந்திருக்காரு. எந்த வீட்டுக்குன்னு நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"அப்ப நீங்க போங்க. முன்னாடி போங்க!"

"ஓடறேன்."

"ஓடாதீங்க! நீங்க ஓடியாறதப் பாத்தா அதே கதிதான்." சால்வோருக்கு மூச்சு வாங்கியது. "கையில எதையாவது எடுத்துக்கிட்டுப் போங்க. ஒரு பொட்டலம். மீனும் கிழங்கு வறுவலும்."

"இப்ப எதுக்கும்மா அது?"

"பொட்டலத்தோட வர்ற ஆள் சாவுச் சேதி கொண்டுவர மாட்டான். அவ ஜன்னல்லேர்ந்து மொதல்ல உங்க கையத்தான் பாப்பா. நான் சொல்றதக் கேளுங்க."

மறுமுனையில் காகிதம் சரசரத்தது.

"ஏய், அது என் மீன்!" என்று ஒரு பெண் குரல்.

"சும்மா இரு, எட்னா. உனக்கு வேற போட்டுத் தரேன்."

"வினிகர் தெளிச்சுக்கிட்டுப் போய்யா, அவளுக்குப் பிடிக்கும்," என்றது அதே குரல்.

கடைக் கதவின் மணி அடித்தது. ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். எண்ணெய் பொரிவதை இரண்டு ஐஸ்லாந்துப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

7

முடிவு ஒன்று: சிரில் முந்திக்கொண்டார்.

முடிவு இரண்டு: இருவரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள்; மோரீன் பொட்டலத்தைத்தான் பார்த்தாள்; மிஷன்காரரும் படியில் உட்கார்ந்து வறுவல் தின்றார். (எனக்குப் பிடித்தது இது. பிடித்ததாலேயே நம்ப மறுக்கிறேன்.)

முடிவு மூன்றை எழுதத் தொடங்கினேன். "கதவைத் திறந்தவள்—" அதற்கு மேல் என் கை போகவில்லை.

சால்வோருக்கு உண்மை தெரியும். நான் கேட்கவில்லை. கேட்டால் எழுதிவிடுவேன். எழுதினால் நீங்கள் நிம்மதியாகவோ வருத்தமாகவோ பக்கத்தை மூடிவிடுவீர்கள்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் ஒப்பந்தம் ஆயிற்று. போர்க்கப்பல்கள் திரும்பிப் போயின. ஆலை பழையபடி ஓடியது. ஏன் வென்றோம் என்பதற்குப் பாடநூல்களில் காரணங்கள் இருக்கின்றன. அவற்றோடு எனக்குத் தகராறு இல்லை. ஆனால் இராச் செபத்தில் நான் நன்றி சொல்லும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் நினைவுக்கு வருவதில்லை. ஹெர்டிஸ் வருகிறாள். பெயர் மட்டும் தெரிந்த எட்னா வருகிறாள், தன் மீனை விட்டுக்கொடுத்தவள். எந்தக் கடலில் பிடித்ததோ அந்த மீன். யாருடையது என்று இரண்டு நாடுகள் அடித்துக்கொண்ட மீன்.

ஆகவே, வாசகரே, சிரிலைக் கடை வாசலிலேயே நிறுத்திவிடுகிறேன். அவருக்கு முழங்கால் வலி; அவருக்குப் பதில் நீங்கள் போங்கள். தெரு நேரானது. இடப்புறம், பச்சைக் கதவு, மோரீன் வீடு. மாடி ஜன்னலில் திரை இலேசாக அசைகிறது. அந்தக் கோடியில் மிஷன்காரர் காரை விட்டு இறங்கிவிட்டார். அவரும் நல்ல மனிதர், அவரைத் தள்ளிவிட வேண்டாம்.

இதோ பொட்டலம். பிடியுங்கள். வினிகர் தெளித்திருக்கிறது. ஜன்னலுக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறுவதற்குள் போய்விடுங்கள்.