முந்திக்கொண்ட ஆமென்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ரகசியத்தை ஊர் முழுக்கப் பரப்ப மைக் தேவையில்லை. "ஜெபத்துக்காக மட்டும் சொல்றேன்" என்று யாராவது ஒருவரிடம் சொன்னால் போதும். கிருபா அதைத்தான் செய்திருந்தாள்.

அவள் மகள் சுஜிக்கும் கேப்டன் எட்மண்டுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, கேம்ப் ரோட்டில் மண்டபம் பிடித்து, சபையில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையில் இரண்டு வாசித்தாயிற்று. எட்மண்ட் இதே சபையின் வாலிபர் சங்கத்தில் சுஜியோடு வளர்ந்தவன். இப்போது வட எல்லையைக் காக்கப் புதிதாக உருவாக்கிய ராணுவ டிவிஷனில் இருந்தான். புது டிவிஷன் என்பதால் எல்லாமே கெடுபிடி. எங்கே இருக்கிறோம் என்று வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது. விட்டால் லீவு ரத்து. லீவு கிடைத்துவிட்டதாக அவன் சொல்லியிருந்தான். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம் தொடங்குவதற்குள் வராவிட்டால் ஈஸ்டர் கழியும்வரை கோவிலில் கல்யாணம் கிடையாது. அதற்குப் பிறகு எப்போது விடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

இவ்வளவும் தெரிந்தும் சுஜி சும்மா இருந்தாளா? எந்த இடம் என்று நச்சரித்து, கோபித்து, ஃபோனை எடுக்காமல் அடம்பிடித்து, ஒரு கணவாயின் பெயரை அவனிடமிருந்து கறந்துவிட்டாள். கறந்ததை அம்மாவிடம் சொன்னாள், ஜெபத்துக்காக மட்டும். அம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குக் கொண்டுபோனாள்.

அந்த ஞாயிறு மூன்றாம் ஓலையை வாசித்துவிட்டு ஆயர் ஐசக் ஜெபத்தைத் தொடங்கினார். "எல்லையிலே, புதிய டிவிஷனிலே காவலாயிருக்கிற எங்கள் மகன் எட்மண்டுக்காக..." என்றபோது, பாடகர் குழுவில் கண்மூடி நின்ற சுஜி நெகிழ்ந்துபோனாள். "அவர் நிற்கிற அந்தக் கணவாயின் பேரையும் சொல்லி ஜெபிக்கிறோம், ஆண்டவரே..." என்றதும் கண்ணைத் திறந்தாள். எதிரே மாடியில், சபைக்கு வீடியோ எடுக்கும் பென்னி கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது.

யோசிக்க நேரமில்லை. "ஆமென்" என்றாள் சுஜி, பாட்டுக்குரிய முழுத் தொண்டையில்.

மொத்தச் சபையும் "ஆமென்" சொல்லி உட்கார்ந்துவிட்டது. ஆர்கன்காரர் அடுத்த பாட்டை எடுத்துவிட்டார். பாவம் ஆயர், திறந்த வாயை மூடிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைத் தேடினார்.

வெளியே வந்ததும் கிருபா பிடித்துக்கொண்டாள். "ஆயர் ஜெபத்தை நடுவுல வெட்டிட்டியே, நான் எப்படிடி வெளிய தலைகாட்டறது?"

"அந்தப் பேரை அவர்கிட்ட யாரும்மா சொன்னது?"

"நான் சங்கத்துல எப்சிகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

சாயங்காலம் எட்மண்டே கூப்பிட்டான். "லைவ்ல பார்த்தேன். செம ஆமென்."

"சிரிக்காத. அந்தப் பேர் வெளிய போயிருந்தா உன் லீவு போயிருக்கும்."

"போயிருக்காது. அது கணவாயே இல்ல, எங்க மெஸ் சமையல்காரரோட சொந்த ஊர். உங்க அம்மா பெண்கள் சங்க செக்ரட்டரி. உன்கிட்ட உண்மையான பேரைச் சொல்வேனா?"

சுஜிக்கு முகம் சுட்டது. சபை நடுவே மானம் போனதைவிட, இவன் தன்னை ஏமாற்றியதுதான் வலித்தது. அந்த வலிக்குப் பின்னாலேயே பயமும் வந்தது.

"அப்போ லீவு கெடச்சுதுன்னு சொன்னது?"

"அது நெஜம். வெள்ளிக்கிழமை கிளம்பறேன்."

பயம் பாதி இறங்கியது. கோபம் இறங்கவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறமாவது நீ எங்க இருக்கேன்னு உண்மையச் சொல்வியா?"

எட்மண்ட் சிரிப்பை நிறுத்தினான்.

"மாட்டேன், சுஜி."

அவளைச் சமாதானப்படுத்த "சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை வருகிறான் என்பதை அவள் நம்பினாள்.